சமன்பாடு இல்லாத இயற்பியல்

ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கையைப் பொதுமக்களுக்கு விளக்கும் நூல்களில் ஒரு படம் அடிக்கடி கண்ணில் படும். நாற்புறமும் இழுத்துக் கட்டிய ஒரு ரப்பர் விரிப்பு. அதன் நடுவில் கனமான இரும்புக் குண்டு. குண்டின் பாரத்தால் விரிப்பு குழிந்திருக்கிறது. ஓரத்திலிருந்து ஒரு கோலிக்குண்டை உருட்டிவிட்டால், அது நேராக ஓடாமல் குழியைச் சுற்றி வளைந்து ஓடுகிறது. இரும்புக் குண்டுதான் சூரியன், கோலிதான் பூமி, விரிப்புதான் வெளி. பொருள் வெளியை வளைக்கிறது, வளைந்த வெளியில் மற்றப் பொருள்கள் வளைந்து செல்கின்றன என்று படத்தின் கீழே விளக்கம் இருக்கும். படித்து முடித்தவுடன் சார்பியல் நமக்கும் விளங்கிவிட்டது என்ற நிறைவோடு பக்கத்தைப் புரட்டுகிறோம்.

சற்று நில்லுங்கள். அந்தக் கோலி குழியை நோக்கி ஏன் இறங்குகிறது? பூமி அதைக் கீழே இழுப்பதால். இதே விரிப்பை எடையற்ற நிலையில் சுற்றிவரும் விண்கலம் ஒன்றினுள் கட்டிவைத்தால், குண்டு விரிப்பைக் குழிக்கவும் செய்யாது. கோலி அதைச் சுற்றி வளையவும் செய்யாது. ஈர்ப்பு என்றால் என்ன என்று விளக்க வந்த படம், விரிப்பின் அடியில் ஈர்ப்பையே ஒளித்துவைத்துக்கொண்டு விளக்குகிறது!

இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. படம் வெளியின் வளைவை மட்டுமே காட்டுகிறது. கையிலிருந்து நழுவிய கல் தரையில் விழுவதற்கும், பூமி சூரியனைச் சுற்றி வருவதற்கும் முதன்மையான காரணம் காலத்தின் வளைவு. அதாவது, ஈர்ப்பு மிகுந்த இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடுவது. ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் வழிகாட்டும் துணைக்கோள்களின் கடிகாரங்கள், பூமியின் ஈர்ப்பு அங்கே குறைந்திருப்பதால் தரையிலுள்ள கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு 45 மைக்ரோ நொடி முந்துகின்றன. அவற்றின் வேகத்தால் 7 மைக்ரோ நொடி பிந்துகின்றன. மிச்சம் 38 மைக்ரோ நொடி. இந்தச் சிறிய நேரத்தில் ஒளி 11 கிலோமீட்டருக்கு மேல் சென்றுவிடும் என்பதால், இதைத் திருத்தாமல் விட்டால் அந்தக் கருவி காட்டும் இடம் நமக்குப் பயன்படாது. சூரியனுக்கருகே வரும் விண்மீன் ஒளி வளைவதில்தான் வெளியின் வளைவு சரிபாதிப் பங்கு பெறுகிறது. ரப்பர் விரிப்பிலோ கடிகாரத்திற்கு இடமே இல்லை.

அப்படியானால் படத்தைக் கிழித்துப் போட்டுவிடலாமா? வேண்டாம். வளைந்த பரப்பில் "நேர்கோடு" என்ற சொல்லின் பொருள் மாறிவிடுகிறது என்ற ஒரு செய்தியை அது நன்றாகவே சொல்லுகிறது. என் குறை என்னவென்றால், இந்த ஒப்புமை இதுவரைதான் செல்லும், இதற்கு அப்பால் செல்லாது என்று ஒரு வரியாவது எழுதுகின்ற ஆசிரியர்கள் மிகச் சிலர் என்பதே.

ரிச்சர்டு ஃபெயின்மன் இந்தச் செய்தியில் கண்டிப்பானவர். 1983ஆம் ஆண்டு பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பேட்டியில், காந்தங்கள் ஒன்றையொன்று இழுப்பதும் தள்ளுவதும் ஏன் என்று அவரைக் கேட்டார்கள். இரண்டும் ரப்பர் பட்டையால் கட்டப்பட்டவை போல என்று சொல்லியிருந்தால் கேட்டவர் மகிழ்ந்திருப்பார். அப்படிச் சொல்வது உங்களை ஏமாற்றுவதாகும் என்று ஃபெயின்மன் மறுத்துவிட்டார். ரப்பர் பட்டை ஏன் சுருங்குகிறது என்று அடுத்த கேள்வி எழுந்தால், அதற்கு மின்விசைகளைக் கொண்டுதான் விடை சொல்லவேண்டும். எதை விளக்கப் புறப்பட்டோமோ அங்கேயே திரும்பி வந்து நிற்போம். இப்படி மறுத்ததைச் செருக்கு என்று நினைப்போரும் உண்டு. கேட்டவருக்கு அவர் காட்டிய மரியாதை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இயற்பியலையும் பேரண்டத்தையும் பற்றிப் பொதுமக்களுக்காக எழுதப்பட்ட நூல்கள் பல. எளிமையான நூல் என்றால் சமன்பாடு இல்லாத நூல் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. சமன்பாட்டை எடுத்துவிட்ட இடத்தில் ஆசிரியர் எதை வைத்தார்? வாசகர் தாமே சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றையா, அல்லது வியந்து தலையாட்ட மட்டுமே உதவும் ஒன்றையா? புகழ்பெற்ற நான்கு நூல்களை இந்தக் கேள்வியோடு அணுகிப் பார்ப்போம்.

ஒரு கோடிப் பிரதிகள்

ஸ்டீபன் ஹாக்கிங்கின் "காலத்தின் சுருக்கமான வரலாறு" 1988ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்பனையாயிற்று. நூலில் ஒவ்வொரு சமன்பாடும் விற்பனையைப் பாதியாக்கிவிடும் என்று தமக்கு ஒருவர் சொன்னதாகவும், ஆகவே சமன்பாடே இல்லாமல் எழுதத் தீர்மானித்து, கடைசியில் நிறையையும் ஆற்றலையும் இணைக்கும் ஐன்ஸ்டைன் சமன்பாட்டை மட்டும் விட்டுவைத்ததாகவும் ஹாக்கிங் அந்நூலிலேயே எழுதியிருக்கிறார். நன்றாக விற்கும் நூல் வேறு, நன்றாகப் படிக்கப்படும் நூல் வேறு என்பதற்கும் இந்நூல் ஓர் எடுத்துக்காட்டாகப் பேசப்படுவதுண்டு. வாங்கியவர் நூலில் எவ்வளவு தூரம் படிக்கிறார் என்று மின்நூல் வாசகர்கள் குறியிட்ட இடங்களைக் கொண்டு மதிப்பிட, 2014ஆம் ஆண்டில் ஜோர்டன் எல்லன்பர்க் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் வேடிக்கையாக ஓர் அளவுகோல் செய்தார். அதற்கு "ஹாக்கிங் குறியீடு" என்றே பெயர் சூட்டினார். இந்நூலுக்கு அதில் கிடைத்த மதிப்பெண் 6.6 விழுக்காடு. இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவரும் விளையாட்டாகவே செய்தார்.

நூலின் சிறப்புகளை முதலில் சொல்லிவிடுவோம். ஹாக்கிங் தம் தவறுகளை மறைப்பதில்லை. பேரண்டம் சுருங்கத் தொடங்கினால் காலத்தின் அம்பும் திரும்பிவிடும் என்று தாம் ஒருகாலத்தில் கருதியதையும், அது பிழை என்று பின்னர் உணர்ந்ததையும் அவர் வெளிப்படையாக எழுதுகிறார். ஓர் ஆராய்ச்சியாளர் தம் கருத்தை எப்படி மாற்றிக்கொள்கிறார் என்பதை மாணவர்கள் பாடநூல்களில் காண முடியாது. கருந்துளைகளைப் பற்றிய பக்கங்களிலும், ஆராய்ச்சியில் நேரில் ஈடுபட்டவரின் குரல் கேட்கிறது.

ஆனால், நூலின் உயிர்நாடியான இரண்டு இடங்களில் வாசகர் கைவிடப்படுகிறார். முதலாவது, கருந்துளை கதிர்வீசுகிறது என்ற அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. வெற்றிடத்தில் துகளும் எதிர்த்துகளும் இணைகளாகத் தோன்றித் தோன்றி மறைகின்றன, கருந்துளையின் விளிம்பில் அப்படி ஓர் இணை தோன்றும்போது ஒன்று உள்ளே விழுந்துவிடுகிறது, மற்றது தப்பி வெளியே வருகிறது, அதுவே கதிர்வீச்சு. இதுதான் நூல் தரும் விளக்கம். இன்று பள்ளி மாணவர்களும் இதைத்தான் ஒப்பிக்கிறார்கள்.

நீங்கள் மேல்நிலை வகுப்பில் படித்த வீன் விதியைக் கொண்டு இதைச் சோதித்துப் பாருங்கள். சூரியனின் நிறையுள்ள ஒரு கருந்துளையின் வெப்பநிலை, ஹாக்கிங்கின் சூத்திரப்படி, 0.00000006 கெல்வின். வீன் மாறிலி 0.0029 மீட்டர் கெல்வின். வகுத்தால், அக்கதிர்வீச்சின் முதன்மையான அலைநீளம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் என்று வரும். அந்தக் கருந்துளையின் ஆரமோ வெறும் 3 கிலோமீட்டர். தன்னைவிடப் பன்மடங்கு நீளமான அலையை, இதோ விளிம்பின் இந்தப் புள்ளியில் பிறந்தது என்று எப்படிச் சுட்டிக் காட்டுவது? யானை தன் முடியின் நுனியில் பிறந்தது என்பது போலாகும்! விளிம்பில் நின்று இரண்டாகப் பிரியும் சிறு குண்டுகளின் படம், இந்த ஒரு வகுத்தல் கணக்கிலேயே ஆட்டம் கண்டுவிடுகிறது. கருந்துளை உருவாவதற்கு முன்னும் பின்னும் வெற்றிடத்தின் அலைகள் எவ்வாறு வேறுபடுகின்றன என்று ஒப்பிட்டுத்தான் ஹாக்கிங் உண்மையில் கணக்கிட்டார். 1975ஆம் ஆண்டில் வெளியான அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரையில் இந்த இணைத்துகள் படமும் இருக்கிறது. ஆனால் இது கருத்தைப் பிடிக்க உதவும் படம் மட்டுமே, சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கையும் கூடவே இருக்கிறது. அறிஞர்களுக்காக எழுதியபோது சேர்த்த எச்சரிக்கையை, அது அதிகம் தேவைப்படுகிற பொது வாசகருக்கு எழுதியபோது அவர் வலியுறுத்தவில்லை. இதுதான் எனக்கு வருத்தம்.

இரண்டாவது இடம், "கற்பனைக் காலம்". தன்னைத்தானே பெருக்கினால் எதிர்ம எண் தரும் எண்கள் கற்பனை எண்கள் என்று ஹாக்கிங் விளக்குகிறார். காலத்தை அத்தகைய எண்ணால் அளந்தால் காலத்துக்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாடு மறைந்துவிடும் என்றும் சொல்லுகிறார். ஏன் மறையவேண்டும்? அடுத்த படியைக் காணோம். வாசகர், பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தாவிச் செல்கிறார். அல்லது அங்கேயே நூலை மூடிவிடுகிறார்.

விடுபட்ட படி மிகச் சிறியது. இரண்டு புள்ளிகளுக்கு இடையேயுள்ள தூரத்தின் வர்க்கம், மூன்று திசைகளிலும் உள்ள தூரங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கிடைக்கும். இது பிதாகரஸ் தேற்றம். சார்பியலில் நான்காவதாகக் காலமும் சேர்கிறது. ஆனால் காலப்பகுதியின் வர்க்கத்தைக் கூட்டுவதில்லை, கழிக்கிறோம். இடமும் காலமும் வேறுவேறாக இருப்பது இந்த ஒரு கழித்தல் குறியால்தான். இப்போது காலம் ஒரு கற்பனை எண்ணானால் அதன் வர்க்கம் எதிர்ம எண். எதிர்ம எண்ணைக் கழித்தால் கூட்டல். நான்கும் கூட்டல் ஆகிவிட்டன; காலம் மற்ற மூன்றைப் போலவே நான்காவது திசையாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்புக் கணக்கு இது! சமன்பாட்டைக் கண்டு வாசகர் ஓடிவிடுவார் என்ற அச்சத்தில், அவரைக் கைப்பிடித்து ஏற்றிவிடக்கூடிய ஒரே படிக்கட்டையும் எடுத்துவிட்டார்கள்.

கண்ணாடியும் அம்புகளும்

இதே சிக்கலை ஃபெயின்மன் எப்படிக் கையாண்டார் என்று பாருங்கள். கலிபோர்னியாவில் பொதுமக்களுக்காக அவர் ஆற்றிய நான்கு சொற்பொழிவுகள் 1985ஆம் ஆண்டில் "கியூ.இ.டி. – ஒளியும் பொருளும் பற்றிய விந்தைக் கோட்பாடு" என்ற நூலாக வந்தன. குவாண்டம் மின்னியக்கவியல், இயற்பியல் மாணவர்கள் பல ஆண்டுகள் படித்த பிறகே தொடும் பாடம். அதைச் சமன்பாடின்றி நான்கு மாலைகளில் சொல்ல அவர் துணிந்தார்.

தொடக்கத்திலேயே அவர் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறார். பழைய மாயா நாகரிகத்தில் வெள்ளிக்கோளின் சுழற்சியைக் கணக்கிட்ட பூசாரிகளை எண்ணிக்கொள்ளுங்கள் என்கிறார். பெரிய எண்களை விரைவாகக் கழிக்கும் தந்திரங்களை அவர்கள் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் கற்பித்திருப்பார்கள். ஆனால் கழித்தல் என்றால் என்ன என்பதை எவருக்கும் சொல்லிவிடலாம்: ஒவ்வொன்றாக எண்ணிப் பானையில் போடு, பிறகு இத்தனையை எண்ணி வெளியே எடு, மிச்சத்தை எண்ணு. உங்களுக்கு நான் விரைவுத் தந்திரங்களைச் சொல்லித்தரப் போவதில்லை. உண்மையில் நாங்கள் செய்வது என்ன என்பதைச் சொல்லப் போகிறேன் என்பதே அவர் வாக்கு. அதை அவர் காப்பாற்றினார்.

அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு சாதாரணக் கண்ணாடி. ஒளித்துகள்களாகிய ஃபோட்டான்கள் 100 நேராக வந்து விழுந்தால், கண்ணாடியின் முன்பரப்பில் 4 திரும்புகின்றன. கண்ணாடிப் பலகைக்குப் பின்பரப்பும் உண்டு. அதிலும் ஏறத்தாழ 4 திரும்பும், ஆக மொத்தம் 8 என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். சோதனையில் வருவதோ வேறு. பலகையின் தடிப்பை மிக மெல்லியதிலிருந்து சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால், திரும்பும் ஒளி 0 விழுக்காட்டிலிருந்து 16 வரை உயர்ந்து, மறுபடி 0க்கு இறங்கி, மீண்டும் உயர்கிறது. முன்பரப்பில் திரும்பவேண்டிய ஃபோட்டானுக்குப் பின்பரப்பு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்?

இங்கே ஃபெயின்மன் வாசகர் கையில் ஓர் அம்பைக் கொடுக்கிறார். நிகழ்ச்சி நடக்கக்கூடிய ஒவ்வொரு வழிக்கும் ஓர் அம்பு வரையுங்கள். ஒளி செல்லும் நேரத்திற்கேற்ப அம்பு கடிகார முள்போல் சுழலும். முன்பரப்புக்கு ஓர் அம்பு, பின்பரப்புக்கு ஓர் அம்பு; ஒவ்வொன்றின் நீளமும் 0.2. ஓர் அம்பின் தலையில் மற்றதன் வாலை வைத்துக் கூட்டுங்கள். கிடைத்த அம்பின் நீளத்தை வர்க்கமாக்குங்கள். அதுவே நிகழ்தகவு. ஓர் அம்பு மட்டும் இருந்தால் 0.2இன் வர்க்கம் 0.04, அதாவது 4 விழுக்காடு. இரண்டும் ஒரே திசையில் நின்றால் நீளம் 0.4, வர்க்கம் 0.16. எதிரெதிராக நின்றால் 0. செங்குத்தாக நின்றால்? பென்சிலை எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். நாம் முதலில் எதிர்பார்த்த 8 அப்போது வந்து நிற்கும். சோப்புக் குமிழியிலும், மழைநீர்மேல் படர்ந்த எண்ணெயிலும் தோன்றும் வண்ணங்கள் எல்லாம் இந்த அம்புகளின் வேலைதான்.

சமன்பாடு ஒன்றும் இல்லை. ஆனால் கணக்கு இருக்கிறது. நிபுணர்கள் சிக்கலெண்கள் என்று அழைப்பவற்றைத்தான் வாசகர் அம்புகளாக வரைந்துகொண்டிருக்கிறார். ஹாக்கிங் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்த கற்பனை எண்ணின் நெருங்கிய உறவு இது. இயற்கை ஏன் இப்படி அம்புகளைக் கூட்டுகிறது என்று கேட்டால், தமக்கும் தெரியாது, எவருக்கும் தெரியாது என்று ஃபெயின்மன் சொல்லிவிடுகிறார். நூலின் கடைசிச் சொற்பொழிவு மட்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை. குவார்க்குகளும் குளுவான்களும் வரிசையாக வந்து பெயர் சொல்லிவிட்டுப் போகின்றன. அம்புகளோடு பழகிய வாசகருக்கு அங்கே செய்வதற்கு வேலை இல்லை.

ஒரு வழக்கறிஞருக்காக எழுதப்பட்ட நூல்

ஸ்டீவன் வெயின்பெர்க் எழுதிய "முதல் மூன்று நிமிடங்கள்" 1977ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1973இல் அவர் ஹார்வர்டில் ஆற்றிய உரையிலிருந்து வளர்ந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1979இல், அப்துஸ் சலாம், கிளாஷோ ஆகியோருடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். தம் மனத்தில் இருந்த வாசகர் யார் என்பதை முன்னுரையில் அவர் சொல்லுகிறார்: கூரிய அறிவுள்ள முதிய வழக்கறிஞர் ஒருவர். இயற்பியலாரின் மொழி அவருக்குத் தெரியாது. ஆயினும் தம் முடிவைச் சொல்லுமுன் தகுந்த வாதங்களைக் கேட்க விரும்புகிறவர். இந்நூலின் வெற்றிக்கு இதைவிட வேறு காரணம் தேடவேண்டியதில்லை. வழக்கறிஞரிடம் "வியப்பாக இருக்கிறதல்லவா?" என்று கேட்டுவிட்டுப் போக முடியாது. சாட்சி எங்கே என்பார்.

பேரண்டம் வெப்பமான, அடர்ந்த நிலையிலிருந்து விரிந்தது என்பதற்கு வெயின்பெர்க் சாட்சியைக் கூண்டில் ஏற்றுகிறார். 1964இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஆர்னோ பென்சியாஸ், இராபர்ட் வில்சன் ஆகிய இருவரும், பெல் ஆய்வகத்தின் 6 மீட்டர் வாயகலமுள்ள கொம்பு வடிவ ஏரியலைக் கொண்டு 7.35 சென்டிமீட்டர் அலைநீளத்தில் அளவீடு செய்தபோது, போகாத ஓர் இரைச்சல் கேட்டது. எத்திசையில் திருப்பினாலும், பகலோ இரவோ, கோடையோ குளிர்காலமோ, அதே இரைச்சல், ஏறக்குறைய 3.5 கெல்வின் வெப்பநிலைக்கு ஈடானது. ஏரியலின் கழுத்தில் இரண்டு புறாக்கள் குடியிருந்தன. அவற்றைப் பிடித்து வேறோர் ஊருக்கு அனுப்பினார்கள். சில நாளில் திரும்பி வந்துவிட்டன. எச்சத்தைச் சுரண்டினார்கள். இரைச்சல் போகவில்லை. அந்த இரைச்சல், பேரண்டத்தின் இளமைப் பருவத்திலிருந்து வரும் நுண்ணலைக் கதிர்வீச்சு என்பது 1965இல் வெளியாயிற்று. 1978இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையைப் பலரும் எழுதுகிறார்கள். வெயின்பெர்க் இத்துடன் நிறுத்தாமல், பலர் கேட்காத கேள்வியைக் கேட்கிறார்: இதை ஏன் முன்னமே தேடவில்லை? காமாவுடன் இணைந்து பணியாற்றிய ஆல்ஃபரும் ஹெர்மனும் 1948இலேயே, இத்தகைய கதிர்வீச்சு ஏறக்குறைய 5 கெல்வினில் இருக்கவேண்டும் என்று கணக்கிட்டிருந்தார்கள். அதன்பின் 16 ஆண்டுகள், எவரும் திட்டமிட்டுத் தேடவில்லை. ஒரு முழு அத்தியாயத்தை இதற்கென்றே அவர் ஒதுக்குகிறார். தனிமங்கள் எல்லாம் தொடக்கத்திலேயே உண்டாயின என்ற காமாவின் கருத்து, ஹீலியத்திற்கு அப்பால் நகரமுடியாமல் நின்றுபோனதால் கொள்கை முழுவதுமே மதிப்பிழந்தது. கணக்குப் போடுகிறவர்களும் கருவி வைத்திருக்கிறவர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை. இவற்றைவிட முக்கியமாக, தாளில் எழுதிய எண்கள் அந்தத் தொடக்க நிமிடங்களில் உண்மையாகவே நடந்ததைக் குறிக்கும் என்று இயற்பியலார்க்கே நம்பிக்கை வரவில்லை. தம் துறையார் தவறவிட்டதை இவ்வளவு நிதானமாக ஆராய்ந்த பக்கங்களை வேறு எந்தப் பொதுமக்கள் நூலிலும் நான் படித்ததில்லை.

கணக்கையும் அவர் வாசகரிடமிருந்து மறைப்பதில்லை. பேரண்டம் பிறந்து நூறில் ஒரு பங்கு நொடி ஆனபோது வெப்பநிலை 10,000 கோடி கெல்வின். நியூட்ரான்களும் புரோட்டான்களும் ஏறத்தாழச் சரிபாதி. நியூட்ரான் சற்றுக் கனமானது. ஆகவே குளிரக் குளிர அது புரோட்டானாக மாறுவது எளிது, திரும்பி மாறுவது அரிது. ஒரு நொடி கடந்தபோது நியூட்ரான்கள் நூற்றுக்கு 24. பதினான்கு நொடி ஆகும்போது 17. மூன்று நிமிடத்தில் 14. அப்போதும் அணுக்கருக்கள் கூடவில்லை. ஏனென்றால் முதற்படியான டியூட்ரான் மிகவும் பலவீனமானது, பிறந்தவுடன் வெப்பத்தால் உடைந்துவிடும். 3 நிமிடம் 46 நொடியில்தான் அது உடையாமல் நிற்கும் அளவுக்குக் குளிர்கிறது. அப்போது நியூட்ரான்கள் 13. ஒவ்வொன்றும் ஒரு புரோட்டானைச் சேர்த்துக்கொண்டு ஹீலியத்திற்குள் போகின்றன. 13ம் 13ம் 26. ஆகவே பேரண்டத்தின் அணுப்பொருளில் எடைப்படி 26 விழுக்காடு ஹீலியம் இருக்கவேண்டும். இன்றைய துல்லியமான அளவீடுகள் 25 விழுக்காட்டை ஒட்டி நிற்கின்றன. விரல்விட்டு எண்ணக்கூடிய கூட்டல் இது. வானத்திலுள்ள விண்மீன்களைக் கொண்டு சரிபார்க்கப்படுகிறது!

நூலுக்கு வயதாகிவிட்டது என்பது உண்மை. தொடக்க நொடியின் மிகச் சிறிய பகுதியில் பேரண்டம் அசுர வேகத்தில் உப்பியது என்ற கருத்து 1980க்குப் பிறகு வந்தது. 1998இல், விரிவு மேலும் மேலும் வேகம் கொள்கிறது என்று கண்டார்கள். வெயின்பெர்க் எழுதியபோது இரண்டும் இல்லை. பேரண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டு என்று இவ்வளவு உறுதியாக அன்று சொல்லவும் முடியாது. ஆனால் வாதத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது; புதிய சதை அதன்மேல் பொருந்திக்கொள்கிறது.

ஒரு சிறு முணுமுணுப்பு. வெயின்பெர்க்கின் நூலை நினைவுகூர்கிறவர்கள், பேரண்டத்திற்கு நோக்கம் ஏதும் தெரியவில்லை என்ற பொருள்பட அவர் இறுதியில் எழுதிய ஒரு வரியைத்தான் சொல்வார்கள். ஹாக்கிங்கின் நூலை நினைவுகூர்கிறவர்களும் கடவுளின் மனத்தைப் பற்றிய கடைசி வரியைத்தான் சொல்வார்கள். இரண்டு வரிகளும் எதிரெதிர்த் திசையில் பார்க்கின்றன. இரண்டுமே, அதற்கு முன் உள்ள பக்கங்களிலுள்ள இயற்பியலிலிருந்து பிறக்கவில்லை. முதிய வழக்கறிஞர் அந்த இடத்தில் எழுந்து ஆட்சேபிக்கக் கூடும்.

தட்டையான சைக்கிள்காரர்

கடைசியாக, இவர்கள் எல்லாருக்கும் மூத்தவர். ஜார்ஜ் காமாவ் படைத்த திரு. டாம்ப்கின்ஸ் ஒரு சாதாரண வங்கி எழுத்தர். அவருடைய பெயரின் முன்னெழுத்துகள் சி, ஜி, எச். ஒளிவேகம், ஈர்ப்பு மாறிலி, பிளாங்க் மாறிலி ஆகியவற்றின் குறியீடுகள் அவை. அமெரிக்க இதழ்கள் சில இந்தக் கதையைத் திருப்பி அனுப்பிவிட்டன. சார்லஸ் டார்வினின் பேரரான இயற்பியலார் சி. ஜி. டார்வினின் யோசனைப்படி காமாவ் அதை இங்கிலாந்துக்கு அனுப்ப, சி. பி. ஸ்நோ ஆசிரியராக இருந்த "டிஸ்கவரி" இதழ் 1938இல் அதை வெளியிட்டது. பின்னர் நூலாயிற்று, இன்றும் அச்சில் இருக்கிறது.

காமாவின் வழி தனி வழி. அவர் ஒப்புமை சொல்வதில்லை. இயற்கையின் விதிகளை அப்படியே வைத்துக்கொண்டு ஓர் எண்ணை மட்டும் மாற்றுகிறார். ஒளிவேகம் சைக்கிள் வேகத்திற்கு இறங்கிவிட்ட ஓர் ஊரில் டாம்ப்கின்ஸ் நடந்து போகிறார். மூதாட்டி ஒருவர், நடுவயதுக்காரர் ஒருவரைத் தாத்தா என்று அழைக்கிறார். அந்தத் தாத்தா வேலை நிமித்தமாக ஓயாமல் இரயிலில் பயணம் செய்பவர், ஆகவே மெதுவாக முதுமையடைகிறவர். தெருவில் விரைந்து போகும் சைக்கிள்காரர், போகும் திசையில் நசுங்கித் தட்டையாகத் தெரிகிறார். வேறு எதைப் போலவும் என்று சொல்லப்படவில்லை. ஒளிவேகம் அப்படி இருந்தால் அங்கே என்ன நடக்கும் என்றே சொல்லப்படுகிறது.

ஆகவே அதைச் சரிபார்க்க முடியும். சரிபார்த்தார்கள், பிழை அகப்பட்டது. விரையும் பொருளின் நீளம் குறைகிறது என்பது சரி. ஆனால் குறைந்தது கண்ணுக்கு அப்படியே தெரியுமா? ஒரு பொருளைப் பார்க்கிறோம் என்றால், அதன் எல்லாப் பகுதிகளிலிருந்தும் ஒரே கணத்தில் கண்ணை வந்தடையும் ஒளியைப் பார்க்கிறோம். தொலைவிலுள்ள பகுதியிலிருந்து வரும் ஒளி சற்று முன்னதாகவே புறப்பட்டிருக்கவேண்டும். அப்போது பொருள் வேறு இடத்தில் இருந்தது. ஆஸ்திரிய இயற்பியலார் ஆன்டன் லாம்பா 1924இலேயே இதைப் பற்றி எழுதியிருந்தும் எவரும் கவனிக்கவில்லை. 1959இல் ஜேம்ஸ் டெரல், ரோஜர் பென்ரோஸ் ஆகிய இருவரும் தனித்தனியே கணக்கிட்டுக் காட்டினார்கள்: தொலைவிலிருந்து பார்க்கும்போது சிறிய பொருள் நசுங்கியதாகத் தெரியாது, திரும்பி நிற்பதாகத் தெரியும், விரையும் பந்தின் வெளிக்கோடு எப்போதும் வட்டமாகவே தெரியும். டாம்ப்கின்ஸ் பார்த்த தட்டையான சைக்கிள்காரர் தவறு!

இதற்காகக் காமாவின் நூலை ஒதுக்கிவிடாதீர்கள். நூலகத்தில் கிடைத்தால் அந்தச் சைக்கிள் படம் உள்ள பக்கத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் சதுரக்கட்டம் ஒன்றை வரையுங்கள்; அது ஒளிவேகத்தில் பத்தில் ஆறு பங்கு வேகத்தில் இடமிருந்து வலமாகச் செல்கிறது, நீங்கள் கீழேயிருந்து தொலைவில் நின்று பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் பத்தில் எட்டாகக் குறையும். பின்பக்கத்திலிருந்து புறப்பட்ட ஒளி முன்பக்கத்தை எட்டும் நேரத்திற்குள் கட்டம் எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று கணக்கிடுங்கள்; முன்பக்கத்தில் குறைந்த நீளத்தையும், பின்புறத்திலிருந்து புதிதாக எட்டிப் பார்க்கும் பக்கத்தையும் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக வரைந்து, ஒரு தீப்பெட்டியைக் கையில் சற்றே திருப்பி வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.